பதினேழு வருஷத்துக்கு ஒரு முறை வரும் இரைச்சல்: அமெரிக்கச் சில்வண்டுகளோடு ஒரு மாதக் குடித்தனம்

2024 ஏப்ரலில் சவுத் கரோலினா மாநிலத்தின் நியூபெரி கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் வந்தது. எங்கேயோ சைரன் அலறிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது, என்னவென்று பாருங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். சிலர் தெருவில் போன போலீஸ்காரரையே நிறுத்தி விசாரித்தார்கள். கடைசியில் ஷெரிஃப் அலுவலகம் ஃபேஸ்புக்கில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று: அது சைரன் இல்லை, சில்வண்டு.

அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் குழப்பம் என்றால், வேலை மாறி ஓஹாயோவுக்கோ மேரிலாண்டுக்கோ நியூஜெர்ஸிக்கோ புதிதாகக் குடிபோன நம் ஆட்கள் மிரள்வதில் ஆச்சரியமில்லை. ஒரு மே மாதக் காலையில் எழுந்து பார்த்தால் வேலி, தூண், கார் சக்கரம் என்று எல்லா இடத்திலும் சிவப்புக் கண்ணோடு கறுப்புப் பூச்சி உட்கார்ந்திருக்கும். உடனே மருந்தடிக்கிறவரைக் கூப்பிடலாமா என்றுதான் கை போனுக்குப் போகும். கூப்பிட வேண்டாம். இது ஏறக்குறைய கால அட்டவணை போட்டு நடக்கிற காரியம். எப்போது வரும், எந்த நேரத்தில் கத்தும், எப்போது போகும் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதிக்கு ஒரு வலை போதும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். பெயரில் வண்டு இருந்தாலும் சில்வண்டு வண்டு இனம் இல்லை. செடியின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும் அசுவினி, தத்துப்பூச்சி வகையறாவுக்குச் சொந்தம். இரவில் கிரீச்சிடும் சுவர்க்கோழி வேறு, இது வேறு. வெட்டுக்கிளியும் இல்லை. அமெரிக்காவுக்கு வந்த ஆரம்பகால ஐரோப்பியக் குடியேறிகள் இதை வெட்டுக்கிளிப் படை என்று நினைத்துப் பயந்தார்கள். அங்கே பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். கடித்து மெல்லும் வாயே இதற்குக் கிடையாது. அதனால் தக்காளி, மிளகாய், கத்தரிச் செடி எதையும் மொட்டையடிக்காது. மனிதரைக் கொட்டாது. விஷமும் இல்லை.

குற்றாலம், வால்பாறைப் பக்கம் கோடையில் காடே ரீங்கரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே அது வருஷா வருஷம் நடப்பது. அமெரிக்காவிலும் அப்படி ஆண்டுதோறும் வரும் பச்சை நிறச் சில்வண்டுகள் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் மரத்துக்கு ஒன்றிரண்டாகக் கத்திவிட்டுப் போகும். நாம் பேசுவது அவற்றைப் பற்றி இல்லை. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மட்டும், 13 அல்லது 17 வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கிளம்பும் ஏழு இனங்கள் இருக்கின்றன. மூன்று இனம் 17 வருஷக் கணக்கு, நான்கு இனம் 13 வருஷக் கணக்கு. கறுப்பு உடம்பு, சிவப்புக் கண், ஆரஞ்சு நரம்போடிய சிறகு. மே மாதத்தில் இந்த மூன்றும் சேர்ந்து கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம்.

இத்தனை வருஷம் மண்ணுக்குள் அது தூங்கவில்லை. மரவேரில் வாயைச் செருகிச் சாறு குடித்துக்கொண்டிருக்கிறது. வேரிலிருந்து மேலேறும் அந்தச் சாறு பெரும்பாலும் தண்ணீர்தான், சத்து குறைவு. அதனால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கும். வருஷத்தை எப்படி எண்ணுகிறது என்பதற்கு ஓர் அழகான பரிசோதனை உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கார்பன் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. பதினைந்து வயதான குஞ்சுகளை எடுத்து, ஒரே வருஷத்தில் இரண்டு முறை பூக்க வைத்த பீச் மரங்களின் வேரில் விட்டார். அவை ஒரு வருஷம் முன்னதாகவே வெளியே வந்துவிட்டன. ஆக, நாட்களை எண்ணவில்லை. மரத்தின் சாறு பருவத்துக்குப் பருவம் மாறுவதை எண்ணுகிறது. ஒரு மரம் ஏமாற்றினால் கணக்கும் ஏமாறும். நான்கு வருஷம் முன்னதாகக் கிளம்பிவிடும் அவசரக்காரர்களும் உண்டு. 2021இல் வர வேண்டிய கூட்டத்தில் ஒரு பகுதி 2017லேயே தலைகாட்டியது.

ஏன் எல்லாம் ஒரே நேரத்தில்? பறவை, அணில், ரக்கூன், நாய் என்று யார் வேண்டுமானாலும் பிடித்துத் தின்னக்கூடிய பூச்சி இது. ஓடாது, ஒளியாது, பறப்பதும் தட்டுத்தடுமாறித்தான். அதற்கு இருக்கும் ஒரே தற்காப்பு எண்ணிக்கை. சில இடங்களில் ஒரு ஏக்கருக்கு 15 லட்சம் வரை கிளம்பும். தின்கிறவர்கள் வயிறு முட்டத் தின்றாலும் மிச்சம் ஏராளமாக இருக்கும். 13, 17 இரண்டும் பகா எண்களாக இருப்பதற்கும் விளக்கம் சொல்கிறார்கள்: இரண்டு, மூன்று வருஷச் சுழற்சியில் பெருகும் எதிரிகளோடு நேரம் ஒத்துப்போகாமல் தப்பிக்கத்தான் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விஞ்ஞானிகள் அதில் இன்னும் ஒருமனதாக இல்லை.

இந்தியாவிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு இருக்கிறது. மேகாலயாவின் ரிபோய் மாவட்டத்தில், சைதன் கிராமப் பக்கம், நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு சில்வண்டு மொத்தமாகக் கிளம்புகிறது. உள்ளூர்ப் பெயர் நியாங்டேசர். கால்பந்து உலகக் கோப்பை நடக்கும் வருஷங்களில் வருவதால் உலகக் கோப்பைச் சில்வண்டு என்றும் பெயர் வாங்கியிருக்கிறது. அங்கே யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை. இரவில் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

உங்கள் ஊர் எந்தக் கணக்கில் வருகிறது?

எல்லா ஊரிலும் ஒரே வருஷம் வராது. ஒரே வருஷம் கிளம்பும் கூட்டத்தை அமெரிக்கர்கள் புரூட் என்கிறார்கள். சார்ல்ஸ் மார்லட் என்ற அரசுப் பூச்சியியலாளர் 1890களில் இவற்றுக்கு ரோமன் எண்கள் கொடுத்தார். மொத்தம் முப்பது எண் போட்டு வைத்தார். இன்று உயிரோடு இருப்பவை 15 கூட்டங்கள்தாம். பன்னிரண்டு 17 வருஷத்தவை, மூன்று 13 வருஷத்தவை. அதனால்தான் செய்தியில் ஏறக்குறைய வருஷா வருஷம் சில்வண்டு வருகிறது என்று படிப்பீர்கள், உங்கள் தெருவில் ஒன்றும் இருக்காது.

பெரிய கூட்டம் என்று பெயர் எடுத்தது புரூட் 10. வாஷிங்டன், பால்டிமோர், பிரின்ஸ்டன், இண்டியானா, சின்சினாட்டி எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். 1987, 2004, 2021 என்று வந்தது, அடுத்தது 2038. சிகாகோ பக்கம் புரூட் 13. பெயரில்தான் 13, அதுவும் 17 வருஷக் கணக்குதான். சின்சினாட்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாக்கியம்: 2021இல் புரூட் 10 பார்த்தவர்கள், 2025இல் ஊரின் கிழக்குப் பக்கம் புரூட் 14ஐயும் பார்த்தார்கள். இந்தப் புரூட் 14தான் 1634இல், மாசசூசெட்ஸின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் கண்டு எழுதி வைத்த கூட்டம். அதிலிருந்து பதினேழு பதினேழாகக் கூட்டிக்கொண்டே போனால் சரியாக 2025இல் வந்து நிற்கும்.

2024இல் 13 வருஷத்தது ஒன்றும் 17 வருஷத்தது ஒன்றும் சேர்ந்து கிளம்பின. அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்தது 1803இல், ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது. அடுத்தது 2245இல். டிவியில் பிரளயம் வருவதுபோல் பேசினார்கள். உண்மையில் இரண்டும் எல்லை தொட்டுக்கொண்டது இல்லினாய் மாநிலத்தின் நடுவில் ஒரு சிறு பகுதியில்தான். மற்ற இடங்களில் வழக்கமாக வருவது வழக்கம்போல் வந்தது.

சரி, ஊர் கணக்கில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் வருமா? இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். குஞ்சுகள் 17 வருஷம் ஒரே மரத்தடியில் வாழ்கின்றன. இடையில் அந்த மரத்தை வெட்டி, புல்டோசர் விட்டு மேல்மண்ணைச் சுரண்டி, வீடு கட்டியிருந்தால் அங்கே கூட்டம் அதோடு முடிந்தது. நம் ஆட்கள் விரும்பி வாங்கும் புத்தம்புதுக் குடியிருப்புகள் பலவற்றில் இதனால் ஒரு பூச்சிகூட இருக்காது. இரண்டு மைல் தள்ளி, நூறு வருஷத்து ஓக் மரங்கள் நிற்கும் பழைய தெருவில் பேசுவதே காதில் விழாது. ஆகவே இணையத்தில் வரைபடம் பார்ப்பதைவிட, அதே தெருவில் போன தடவை இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்பது உத்தமம். வீட்டு விலை பேசும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மண் சூடேறும் வாரம்

அடையாளம் ஏப்ரலிலேயே தெரியும். மரத்தடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள், ஈரமான இடமாக இருந்தால் துளையின் மேல் குட்டிக் குட்டி மண் குழாய்கள். குஞ்சு வாசலுக்கு வந்து காத்திருக்கிறது என்று அர்த்தம். அரை அடி ஆழத்துக்குச் சற்றுக் கீழே, 20 சென்டிமீட்டரில், மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். தெற்கு மாநிலங்களில் அது ஏப்ரல் கடைசி, வடக்கே மே நடுவில். ஒரு வெதுவெதுப்பான மழை பெய்தால் அன்று மாலையே கிளம்பிவிடும்.

அந்த இரவை மட்டும் தவறவிடாதீர்கள். டார்ச் எடுத்துக்கொண்டு பெரிய மரம் ஒன்றின் பக்கத்தில் நில்லுங்கள். இருட்டத் தொடங்கியதும் தரை அசைகிற மாதிரி இருக்கும். பழுப்பு நிறக் குஞ்சுகள் மண்ணிலிருந்து ஏறி, அடிமரம், வேலி, சுவர் என்று செங்குத்தாகக் கிடைத்ததில் எல்லாம் தொற்றும். ஒன்றைத் தேர்ந்து பாருங்கள். நகத்தை மரப்பட்டையில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். முதுகில் நேர்கோடாக ஒரு விரிசல் விழும். அதற்குள்ளிருந்து பால் வெள்ளையாக ஒரு முதுகு பிதுங்கும், பின்னாலேயே சிவப்புக் கண்களோடு தலை. உடம்பு பின்னோக்கி மல்லாந்து, வால் நுனி மட்டும் பழைய தோலில் சிக்கியபடி தலைகீழாகத் தொங்கும். அப்படியே கொஞ்ச நேரம். பிறகு ஓர் எம்பு எம்பி, தன் கூட்டையே கால்களால் பற்றிக்கொண்டு வாலையும் உருவிவிடும். கசங்கிச் சுருண்டிருந்த சிறகு இரத்தம் ஏறி மெல்ல விரியும். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புத் திட்டைத் தவிர முழு வெள்ளை. காலையில் வந்து பார்த்தால் அதே பூச்சி கன்னங்கரேல் என்று இருக்கும். குழந்தைகளுக்குப் பயம் போக இதைவிட நல்ல வழி இல்லை. பகலில் அது மூக்கில் வந்து மோதும்போது அலறுகிற பிள்ளை, இரவில் இதைப் பார்த்துவிட்டால் மறுநாள் காலிக் கூடுகளைச் சட்டையில் குத்திக்கொண்டு திரியும்.

வெளியே வந்த நாலைந்து நாள் சத்தமே இருக்காது. உடம்பு கெட்டிப்பட வேண்டும். ப்பூ, இவ்வளவுதானா என்று அந்த நாட்களில் நினைத்துவிடாதீர்கள்.

கத்துவது ஆண் மட்டும்தான். வயிற்றின் இரு பக்கமும் மடிப்பு மடிப்பாக ஒரு சவ்வு இருக்கிறது. தகர டப்பாவின் மூடியை அமுக்கி விட்டால் டக் டக் என்று உள்ளே போய் வெளியே வருமே, தசை அந்தச் சவ்வை அப்படி இழுத்து விடுகிறது, வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை. வயிறு கிட்டத்தட்ட வெற்றுக் கூடு, அதனால் ஒலி பெருகுகிறது. பெண் பதிலுக்குச் சிறகை ஒரு முறை சொடுக்கும். அந்தச் சொடுக்கு காதில் விழுந்ததும் ஆண் அந்தத் திசையில் நகரும். இலட்சக்கணக்கில் ஒரே தோப்பில் இதைச் செய்யும்போது மரத்தடியில் 90 டெசிபலைத் தாண்டும். சில சமயம் 100ஐத் தொடும். இனத்துக்கு இனம் குரல் வேறு. பெரிய இனம் 'ஃபே...ரோ' என்று நீட்டி இழுக்கும். காலையில் கேட்கும் பொதுவான ஹம் அதனுடையது. பிற்பகலில் காதைக் கிழிப்பது இன்னொரு சிறிய இனம்.

நமக்கு உதவுகிற செய்தி என்னவென்றால், இவை வெயிலை நம்பிப் பாடுகிறவை. காலை எட்டு, ஒன்பது மணிக்கு மெல்லத் தொடங்கி நடுப்பகலில் உச்சம் போய் மாலையில் அடங்கும். இருட்டினால் நிசப்தம். மேகமூட்டம், மழை என்றால் பகலிலேயே வாயை மூடிக்கொள்ளும். ஆகவே தூக்கம் கெடுமோ என்று பயப்பட வேண்டாம். விதிவிலக்கு, இந்திய நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். அவர்களுக்கு ஜன்னலைச் சாத்தி, மரமில்லாத பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றி, ஒரு ஃபேனை ஓடவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மூடிய வீட்டுக்குள் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். வேலை நிமித்தம் நாள் முழுக்க மரத்தடியில் நிற்கிறவர்கள் காதில் பஞ்சடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதுதான் அங்கே வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கும் எல்லை. ஒலி தாங்காத குழந்தை வீட்டில் இருந்தால், சத்தம் தொடங்குவதற்கு முன்பே காதுறை ஒன்றைப் போட்டுப் பழக்கிவிடுவது நல்லது.

புல்வெட்டும் மெஷின் ஒரு தனிக் கதை. அந்த உறுமல் அவற்றுக்கு இன்னொரு கூட்டம் பாடுவதுபோல் கேட்கிறது. மெஷினை ஓட்டுகிறவரின் தோள், தலை, முதுகு என்று வந்து உட்காரும். ஒன்றும் செய்யாது, ஆனால் யாருக்குப் பொறுமை இருக்கும்? அதிகாலையிலோ சூரியன் சாய்ந்த பிறகோ வெட்டிக்கொள்ளுங்கள். வெளியில் வைக்கும் விசேஷங்களுக்கும் இதே கணக்குதான். மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை பட்டமளிப்பு, கல்யாணம், பிக்னிக் எல்லாம் அடுத்தடுத்து வரும். தோட்டத்தில் பந்தல் போட்டுப் பகல் முகூர்த்தம் என்றால் மந்திரம் ஐயருக்கே கேட்காது. மண்டபத்துக்குள் வைத்துக்கொண்டு, தோட்டத்தை மாலை ரிசப்ஷனுக்கு விட்டுவிடலாம்.

காரில் போகும்போது ஜன்னலை ஏற்றிவிடுங்கள். 2021 ஜூனில் சின்சினாட்டியில் திறந்த ஜன்னல் வழியே வந்த சில்வண்டு ஒன்று ஓட்டுநரின் முகத்தில் மோத, கார் போய்க் கம்பத்தில் இடித்தது. அதே மாதம் அமெரிக்க ஜனாதிபதியின் ஐரோப்பியப் பயணத்தைப் பின்தொடர வேண்டிய பத்திரிகையாளர்களின் விமானம் சில்வண்டு புகுந்ததால் மணிக்கணக்கில் தாமதமானது. மறுநாள் ஜனாதிபதி பைடனின் கழுத்திலேயே ஒன்று உட்கார்ந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் இன்னொரு தொல்லை: குடிக்கும் சாறெல்லாம் தண்ணீர் என்பதால் கழிப்பதும் அப்படியே. வெயிலடிக்கும்போது மேலே தூறல் விழுந்தால் அண்ணாந்து பார்க்காதீர்கள்.

நாய் வளர்க்கிறவர்களுக்கு: விஷமில்லை, ஆனால் அதன் மேலோடு செரிக்காது. ஒன்றிரண்டு தின்றால் பாதகமில்லை. வாளி வாளியாகத் தின்னும் நாய் வாந்தியெடுக்கும். நடைக்கு அழைத்துப் போகும்போது வாரைச் சுருக்கிப் பிடியுங்கள். மனிதரும் தின்னலாம், அங்கே அதற்குச் சமையல் குறிப்புகள்கூட உண்டு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கிட்டேயே போகக்கூடாது. சில்வண்டு அந்த வகைக்கு உறவு என்பதால் 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே அப்படி எச்சரித்தது.

வலை மட்டும் வாங்குங்கள்

சில்வண்டு உண்மையில் சேதம் செய்வது ஓரிடத்தில்தான். பெண், பென்சில் பருமன் கிளையைக் கீறி அதற்குள் முட்டை வைக்கும். ஒரு கீறலில் இருபது, முப்பது. ஆயுளில் மொத்தம் ஐந்நூறு வாக்கில். கீறிய இடத்துக்கு அப்பால் கிளை நுனி காய்ந்து பழுப்பாகித் தொங்கும். வளர்ந்த ஓக், மேப்பிள் மரங்களுக்கு அது பொருட்டே இல்லை. நுனி கிள்ளிய மாதிரிதான். நட்டு இரண்டு மூன்று வருஷமான கன்றுக்கு நிலைமை வேறு. அதன் உடம்பே பென்சில் பருமன் கிளைகள்தாம்.

அதனால் கூட்டம் வரும் வருஷத்திலும், அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலும் புது மரம் நடாதீர்கள். ஏற்கெனவே நட்டிருந்தால் கால் அங்குலக் கண்ணுள்ள வலையால் கன்றை முழுக்கப் போர்த்தி, அடிமரத்தில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பறவைக்குப் போடும் பெரிய கண் வலை பயன்படாது, நுழைந்துவிடும். முதல் பாட்டுக் கேட்ட வாரத்திலேயே கட்டிவிட்டால் போதும், ஜூன் கடைசியில் அவிழ்த்துவிடலாம்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க உள்ளே வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைத் தொட்டியையும் முருங்கைத் தொட்டியையும் எப்போது வெளியே எடுப்போம்? பனி நின்ற பிறகு, மே நடுவில். சரியாக அவை கிளம்பும் வாரம். சில்வண்டு கறிவேப்பிலையைத் தேடி வரும் என்று சொல்லவில்லை. ஆனால் முட்டை வைக்க அது பார்ப்பது கட்டைக் கிளையின் பருமனைத்தான், பல வகை மரங்களை ஏற்றுக்கொள்ளும். ஏழெட்டு வருஷம் வளர்த்த செடியைப் பணயம் வைக்க வேண்டாம். அந்த ஒரு மாதம் வலை போட்ட வராந்தாவில் வையுங்கள், அல்லது தொட்டியோடு சேர்த்துப் போர்த்துங்கள். கீரை, வெண்டை, தக்காளிக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மருந்து வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்று கொன்றால் நாளை பக்கத்து மரத்திலிருந்து அதே அளவு வரும். மருந்து தின்ற பூச்சியைத் தின்னும் பறவைக்குத்தான் கேடு. இந்த ஞானம் புதிதுமில்லை. மேரிலாண்டில் வாழ்ந்த பெஞ்சமின் பேனக்கர் என்ற கறுப்பின விவசாயி, தானாகப் படித்து வானியல் கணித்துப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1749இல், பதினேழு வயதில், முதல் முறை இந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது பழமரங்களைத் தின்ன வந்தவை என்று எண்ணி அடித்துக் கொல்லத் தொடங்கினார். வீண் வேலை என்று சீக்கிரமே புரிந்து விட்டுவிட்டார். பிறகு 1766, 1783 என்று வந்ததைக் குறித்து வைத்து, 1800இல் மறுபடி வரும் என்று கணக்குப் போட்டார். வந்தது. அவர் பார்த்ததும் நம்முடைய புரூட் 10தான்.

சில பூச்சிகளுக்குப் பின்பாதி உதிர்ந்து, அங்கே சுண்ணாம்பு வில்லை மாதிரி வெள்ளையாக அடைத்திருக்கும். அப்படியும் பறந்துகொண்டிருக்கும். மாஸோஸ்போரா என்ற பூஞ்சையின் வேலை அது. ஆம்ஃபெட்டமின் வகைப் போதைப்பொருள் ஒன்று அந்தப் பூஞ்சை பிடித்த பூச்சியில் இருக்கிறது. பீடித்த ஆண், பெண்ணைப்போல் சிறகைச் சொடுக்கி மற்ற ஆண்களை வரவழைத்து அவற்றுக்கும் ஒட்டவைக்கும். மனிதருக்குத் தொற்றாது. பிள்ளைகள் கேட்டால் எவ்வளவு சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விடுகிறேன்.

ஜூன் நடுவில் சாகத் தொடங்கும். மரத்தடியில் குவியும், நாறும். அழுகிய இறைச்சி வாடை இரண்டு வாரமாவது இருக்கும், தப்பிக்க முடியாது. வாசல், டெக், ஏசியின் வெளி யூனிட்டைச் சுற்றிக் கிடப்பதை அள்ளிவிட வேண்டும். நீச்சல் குளம் இருந்தால் வடிகட்டிக் கூடையைத் தினம் காலி பண்ண வேண்டும். அள்ளியதைக் குப்பையில் போடாமல் உரக்குழியில் போட்டு மேலே காய்ந்த இலையைத் தூவுங்கள். நல்ல தழைச்சத்து. செத்த சில்வண்டு விழுந்த மண்ணில் காட்டுச்செடிகள் பெரிய விதை கொடுத்ததை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஜூலை வந்தால் சத்தம் ஓய்ந்திருக்கும். ஆனால் இரண்டு பாக்கி. தொங்கும் பழுப்பு நுனிகள் கண்ணுக்கு உறுத்தினால் வெட்டலாம், உறுத்தாவிட்டால் தானாக உதிரும். ஆறிலிருந்து பத்து வாரத்தில் முட்டை பொரிந்து எறும்பளவு வெள்ளைக் குஞ்சுகள் மண்ணில் விழுந்து உள்ளே போய்விடும். அந்த முட்டையைத் தின்று ஒரு சிற்றுண்ணி பெருகுகிறது. ஓக் இலை அரிப்புச் சிற்றுண்ணி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. மரத்திலிருந்து காற்றில் மிதந்து கழுத்திலும் தோளிலும் விழும். கடித்தது அப்போது தெரியாது, அரை நாள் கழித்துத்தான் சிவந்து தடித்து அரிக்கும். 2007இல் சிகாகோவிலும் 2021இல் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்திலும் ஆகஸ்டு வாக்கில் இது பலரைப் படுத்தியது. கொசு, மூட்டைப்பூச்சி என்று வீட்டைப் புரட்டிப் போட்டவர்கள் உண்டு. ஓக் மரத்தடியில் உட்காராதீர்கள், மரத்தடி வேலை முடிந்ததும் குளித்துத் துணியைத் துவைக்கப் போடுங்கள், அரிப்புக்குக் களிம்பு தடவுங்கள். பூச்சி விரட்டித் தைலம் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

இனி வரப்போகும் வருஷங்கள்: 2026இல் எந்தக் கூட்டமும் இல்லை. 2027இல் லூசியானா, மிசிசிப்பி. 2028இல் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய ஆர்கன்சா, டென்னசி பக்கங்கள். 2029இல் வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி. 2030இல் நியூஜெர்ஸி, நியூயார்க், கனெடிகட், வர்ஜீனியா. தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் அடுத்த பெரிய கச்சேரி இதுதான். நியூஜெர்ஸியில் பழைய மரங்கள் உள்ள தெருவில் இருப்பவர்கள் 2029 இலையுதிர் காலத்தில் மரம் நட வேண்டாம். வலையை 2030 மார்ச்சிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மே வந்தால் கடையில் கிடைப்பது கஷ்டம்.